கணினிக்குள் கடிகாரச் சண்டை!

குட்டீஸ், உங்கள் வீட்டில் எத்தனை கடிகாரங்கள் இருக்கின்றன? ஹாலில் ஒன்று, அப்பாவின் கையில் ஒன்று, அம்மாவின் செல்போனில் ஒன்று, படிக்கும் மேஜையில் அலாரம் ஒன்று... எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பாருங்கள். ஒன்று ஏழு மணி ஐந்து நிமிடம் என்கும். இன்னொன்று ஏழு மணி எட்டு நிமிடம் என்கும். "ஹால் கடிகாரம் எப்பவுமே கொஞ்சம் ஃபாஸ்ட்" என்று பாட்டி சமாதானம் சொல்வார். ஸ்கூல் பஸ்ஸைத் தவற விடாத வரைக்கும் அதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை.

ஆனால், ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு பிசகினால்கூடத் தவித்துப் போகிற ஓர் இடம் இருக்கிறது. கணினியில் பாட்டும் பேச்சும் பதிவு செய்கிறோமே, அந்த இடம்தான்!

உங்கள் பள்ளி ஆண்டு விழாவில் ஒரு மணி நேர நாடகம் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் செல்போனில் வீடியோ எடுக்கிறார். குரல் தெளிவாக இருக்க வேண்டுமே! அதற்காக மேடையில் ஒரு நல்ல மைக் வைத்து, லேப்டாப்பில் தனியாக ஒலிப்பதிவு செய்கிறார் இன்னொருவர். மறுநாள் படத்தையும் குரலையும் கணினியில் ஒட்டுகிறார்கள். முதல் வசனம் கச்சிதமாகப் பொருந்துகிறது. "ஆஹா, வேலை முடிந்தது" என்று நினைத்துக் கடைசிக் காட்சியை ஓட்டிப் பார்த்தால்... ராஜா வாயை மூடிய பிறகும் அவர் குரல் கேட்டுக்கொண்டிருக்கிறது!

மைக்கில் பழுது இல்லை. செல்போனிலும் பழுது இல்லை. மென்பொருளும் சரியாகத்தான் வேலை செய்தது. அப்படியானால் குற்றவாளி யார்? வாருங்கள், துப்பறிவோம்.

ஒலியை எண்ணாக்கும் வேலை

ஒலி என்பது காற்றில் ஏற்படும் அதிர்வு. கணினிக்கு அதிர்வு தெரியாது, எண்கள்தான் தெரியும். அதனால் மைக்கில் வரும் அதிர்வின் அளவை மிக வேகமாக, திரும்பத் திரும்ப அளந்து எண்களாக எழுதி வைக்கிறது. ஒவ்வொரு அளவுக்கும் 'சாம்பிள்' என்று பெயர். மாதிரி என்று சொல்லலாம். இசைத் தட்டான சி.டி.யில் ஒரு விநாடிக்கு 44,100 மாதிரிகள். வீடியோவோடு சேரும் ஒலிக்குப் பெரும்பாலும் 48,000 மாதிரிகள். அடேங்கப்பா!

அது சரி, 48 ஆயிரம் என்பது முழு எண். 44,100 என்று ஏன் இப்படி ஓர் எண்? 1970-களின் கடைசியில், அவ்வளவு எண்களைச் சேமிக்க வீடியோ டேப்தான் வசதியாக இருந்தது. டி.வி. படம் கோடு கோடாக வரையப்படுவது. ஒரு கோட்டுக்கு 3 மாதிரிகள் வீதம் ஒலியை அதில் எழுதினார்கள். ஜப்பான், அமெரிக்க முறையில் விநாடிக்கு 60 தடவை, தடவைக்கு 245 கோடுகள். ஐரோப்பிய முறையில் விநாடிக்கு 50 தடவை, தடவைக்கு 294 கோடுகள். ஒரு தாளை எடுத்து இரண்டையும் பெருக்கிப் பாருங்களேன். இரண்டுக்கும் ஒரே விடைதான் வரும்! 1982-ல் சி.டி. வந்தபோதும் அந்த எண்ணே ஒட்டிக்கொண்டது.

சரி, "இப்போது அள, இப்போது அள" என்று விநாடிக்கு 48,000 தடவை கட்டளை போடுவது யார்? ஒரு சிறிய குவார்ட்ஸ் படிகம். குவார்ட்ஸை அழுத்தினால் மின்சாரம் உண்டாகும் என்பதை பியர் கியூரி, ஜாக் கியூரி என்ற சகோதரர்கள் 1880-ல் கண்டுபிடித்தார்கள். (ரேடியத்தைக் கண்டுபிடித்த மேரி கியூரியைத் தெரியும் அல்லவா? பியர் அவருடைய கணவர்.) இதைத் தலைகீழாகவும் செய்யலாம். மின்சாரம் கொடுத்தால் படிகம் துடிக்கும். மிக ஒழுங்காகத் துடிக்கும். எந்த வேகத்தில் துடிக்கும் என்பது அதை எப்படி, எவ்வளவு பெரிதாக வெட்டியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

உங்கள் கைக்கடிகாரத்தில் இருப்பது விநாடிக்கு 32,768 தடவை துடிக்கும். ஒலிக் கருவிகளில் இருப்பது அதைவிடப் பெரிய சூரன். பலவற்றில் விநாடிக்கு 2 கோடியே 45 லட்சத்து 76 ஆயிரம் தடவை! அதை 512-ஆல் வகுத்தால் சரியாக 48,000 வரும். ஒவ்வொரு 512 துடிப்புக்கும் ஒரு மாதிரி. எவ்வளவு எளிமை!

குற்றவாளி பிடிபட்டார்!

இங்கேதான் வம்பு. உலகத்தில் எந்த இரண்டு படிகங்களும் அச்சு அசலாக ஒரே வேகத்தில் துடிப்பதில்லை. வெட்டும்போது ஏற்படும் மிக நுண்ணிய வித்தியாசம், அறையின் வெப்பம், படிகத்தின் வயது எல்லாமே அதன் வேகத்தை மாற்றும். சாதாரணமான ஒரு படிகம் பத்து லட்சம் துடிப்புக்கு 50 துடிப்பு வரை கூடவோ குறையவோ துடித்துவிடலாம்.

'பத்து லட்சத்தில் 50 தானே, ப்பூ!' என்கிறீர்களா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். லேப்டாப்பில் இருக்கும் படிகம் அவ்வளவு வேகமானது என்று வைத்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு 48,000 மாதிரிகளுக்குப் பதிலாக 48,002.4 மாதிரிகள் எடுக்கும். ஒரு மணி நேரத்துக்கு 3,600 விநாடிகள். ஆக, கூடுதலாக 8,640 மாதிரிகள் சேர்ந்துவிடும். மென்பொருளுக்கு இது தெரியாது. '48,000 மாதிரி என்றால் ஒரு விநாடி' என்று நம்பி அதைப் படத்தோடு ஓட்டும். 8,640 மாதிரிகளை ஓட்ட 0.18 விநாடி வேண்டும். அவ்வளவு நேரம் ராஜாவின் குரல் பின்தங்கிவிடும்!

ஒரு வேடிக்கையைக் கவனித்தீர்களா? வேகமான படிகம் குரலை முந்த வைக்கவில்லை, பிந்த வைத்துவிட்டது. அதிகமாக அளந்தால் அதிக எண்கள். அவற்றை ஓட்ட அதிக நேரம். அதனால்தான். செல்போனின் படிகம் இதற்கு நேர்மாறாக மெதுவாக இருந்தால் பிசகு இரண்டு மடங்காகவும் ஆகலாம்.

0.18 விநாடி நம் கண்ணுக்கும் காதுக்கும் தெரியுமா? தெரியும். டி.வி. ஒலிபரப்புக்கான சர்வதேச அமைப்பு இதை ஆராய்ந்திருக்கிறது. படத்தைவிடக் குரல் சுமார் 0.045 விநாடி முந்தினாலே நாம் கண்டுபிடித்துவிடுவோமாம். பிந்தினால், 0.125 விநாடி வரை பொறுத்துக்கொள்வோமாம். ஏன் இந்த ஓரவஞ்சனை? கிரிக்கெட் மைதானத்தில் தூரத்தில் உட்கார்ந்து பாருங்கள். பேட் பந்தை அடிப்பது முதலில் தெரியும். 'டொக்' சத்தம் பிறகுதான் வரும். இடியும் மின்னலும் அப்படித்தான். ஒலி பிந்தி வருவது இயற்கையில் சகஜம். முந்தி வருவது மட்டும் நடக்கவே நடக்காது. அதனால் நம் மூளை அதை உடனே கண்டுபிடித்துவிடுகிறது.

சினிமாப் படப்பிடிப்பில் 'கிளாப்' அடிக்கிறார்களே, அது போதாதா என்று சிலர் கேட்கலாம். நல்ல கேள்வி! கேமரா ஒரு பக்கம், ஒலிப்பதிவுக் கருவி ஒரு பக்கம். கட்டை மோதும் படத்தையும் 'டக்' சத்தத்தையும் பொருத்தினால், ஆரம்பம் சரியாகிவிடும். ஆனால் கிளாப் ஆரம்பத்தை மட்டும்தான் சரிசெய்யும், வேகத்தைச் சரிசெய்யாது. ஒரு 'ஷாட்' மூன்று நிமிடம் ஓடினால், நாம் பார்த்த அதே பிசகு 0.009 விநாடிதான். யாருக்கும் தெரியாது. ஒரு மணி நேர நாடகம்தான் மாட்டிக்கொள்கிறது.

இன்னொரு கேள்வியும் வரும். 'செல்போனும் கணினியும் இணையத்தில் நேரத்தைச் சரிபார்த்துக்கொள்கின்றனவே?' உண்மைதான். டேவிட் மில்ஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி உருவாக்கிய முறை 1985 முதல் அந்த வேலையைச் செய்துவருகிறது. ஆனால் அதில் சரியாவது திரையின் ஓரத்தில் மணி காட்டும் கடிகாரம். மைக்கின் ஒலியை அளக்கும் படிகம் வேறு. திரையில் மணி சரியாக இருந்தாலும், அது தன் போக்கில்தான் துடித்துக்கொண்டிருக்கும்.

தொட்டி நிரம்பினால் 'டப்'!

நாடகத்தைப் பதிவு செய்து மெதுவாக ஒட்டுவதிலேயே இவ்வளவு தொல்லை என்றால், உடனுக்குடன் கேட்கும்போது? மைக் ஒரு கருவி, ஸ்பீக்கர் வேறொரு கருவி. இரண்டையும் ஒரே கணினியில் சொருகுகிறீர்கள். மைக்குக்கு ஒரு படிகம். ஸ்பீக்கருக்கு இன்னொரு படிகம்.

ஒரு தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே ஒரு குழாய் தண்ணீர் கொட்டுகிறது. கீழே ஒரு குழாய் தண்ணீரை வெளியேற்றுகிறது. இரண்டும் ஒரே அளவில் ஓடினால் தொட்டி என்றைக்கும் அப்படியே இருக்கும். மேல் குழாய் துளியே துளி அதிகமாக ஓடினால்? என்றாவது தொட்டி நிரம்பி வழியும். குறைவாக ஓடினால் என்றாவது வற்றிவிடும். கணினியிலும் இப்படி ஒரு தொட்டி உண்டு. மைக் போடும் எண்களை ஸ்பீக்கர் எடுக்கும் வரை வைத்திருக்கும் இடம் அது. அதில் இன்னும் 480 மாதிரிகளுக்கு இடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 2.4 மாதிரி கூடுதலாக விழுந்தால் 200 விநாடியில் தொட்டி நிரம்பிவிடும். நிரம்பியதும் கணினி என்ன செய்யும்? கொஞ்சம் எண்களைத் தூக்கி எறிந்துவிடும். உங்கள் காதில் 'டப்' என்று ஒரு சத்தம்! மூன்று நிமிடம் இருபது விநாடிக்கு ஒரு தடவை 'டப்'... நல்ல பாட்டு நடுவே இதைக் கேட்டால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

ஒரு பழைய கதை

இதே போன்ற பிரச்னையை 1665-லேயே ஒருவர் படுக்கையில் கிடந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். ஹாலந்து நாட்டு விஞ்ஞானி கிறிஸ்டியான் ஹைகன்ஸ். ஊசல் கடிகாரத்தை உருவாக்கியவர். உடம்பு சரியில்லாமல் சில நாட்கள் படுத்திருந்தவர், அறையில் பக்கத்தில் பக்கத்தில் தொங்கிய இரண்டு கடிகாரங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றின் ஊசல் இடப்பக்கம் போனால், மற்றதன் ஊசல் வலப்பக்கம் போனது. கொஞ்சமும் பிசகவில்லை! வேண்டுமென்றே தட்டிக் கலைத்துவிட்டார். அரை மணி நேரத்துக்குள் இரண்டும் மறுபடி சேர்ந்துகொண்டன. பேயா, பிசாசா? இல்லை. இரண்டும் ஒரே மரச் சட்டத்தில் தொங்கின. ஒன்றின் மெல்லிய ஆட்டம் அந்த மரம் வழியாக மற்றதை எட்டியது. மற்றதன் ஆட்டம் இதை எட்டியது. மெல்ல மெல்ல ஒன்றை ஒன்று இழுத்துச் சமாதானம் ஆகிவிட்டன.

நம் மைக்குக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே அப்படி ஒரு மரச் சட்டம் இல்லையே! அந்தச் சட்டத்தை நாம்தான் செய்து கொடுக்க வேண்டும். இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, உங்கள் பள்ளியின் அணிவகுப்பு மாதிரி. எல்லோரும் அவரவர் இஷ்டத்துக்கு 'லெஃப்ட், ரைட்' சொன்னால் என்ன ஆகும்? ஒருவர் மட்டும் டிரம் அடிக்க வேண்டும். மற்றவர்கள் காலை அதற்கு ஏற்ப வைக்க வேண்டும். பெரிய ஒலிப்பதிவுக் கூடங்களில் இதைத்தான் செய்கிறார்கள். ஒரு கருவியின் கடிகாரத்தைத் தலைவர் ஆக்கி, அதன் துடிப்பைத் தனிக் கம்பி வழியாக மற்றக் கருவிகளுக்கு அனுப்புகிறார்கள். அங்கே இருக்கும் ஒரு சுற்று, 'நான் முந்துகிறேனா, பிந்துகிறேனா' என்று பார்த்துப் பார்த்துத் தன் வேகத்தைத் திருத்திக்கொள்ளும்.

தலைவரே கொஞ்சம் ஃபாஸ்ட் என்றால்? அதனால் பாதகமே இல்லை! எல்லாக் கருவியும் சேர்ந்து ஒரு மணி நேர இசையை 0.18 விநாடி முன்னதாக வாசித்து முடித்தால் யாருக்குத் தெரியப் போகிறது? எது சரியான கடிகாரம் என்று தேடி இங்கே யாரும் மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. எல்லோரும் ஒன்றாகப் போகிறார்களா என்பதுதான் கேள்வி. பாட்டியின் ஹால் கடிகாரமும் அப்படித்தான். வீட்டில் எல்லோரும் அதை மட்டுமே பார்த்தால், சாப்பாட்டு நேரத்தில் குழப்பமே வராது. ஸ்கூல் பஸ் டிரைவர் வேறு கடிகாரம் பார்ப்பதால்தான் தகராறு!

லினக்ஸ் கணினிகளில் 'ஜாக்' என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. பல இசை மென்பொருள்களை ஒன்றோடு ஒன்று இணைக்கும். அதன் சட்டம் ரொம்பக் கறார். ஒரு நேரத்தில் ஒரே ஒரு சவுண்ட் கார்டுதான் தலைவர். எல்லா மென்பொருளும் அதன் துடிப்புக்குத்தான் ஆட வேண்டும்.

யூ.எஸ்.பி.யில் சொருகும் சின்ன மைக்குகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்தத் தனிக் கம்பியைப் பொருத்த இடமே இருக்காது. அப்போதுதான் இரண்டாவது வழி. படிகத்தை அதன் போக்கில் விட்டுவிட்டு, மென்பொருள் எண்களைத் திருத்தும். 48,002.4 மாதிரிகள் வந்தால், அவற்றுக்கு நடுவே ஒலி அலை எப்படி வளைந்து போயிருக்கும் என்று கணக்கிட்டு, அதே அலையைச் சரியாக 48,000 மாதிரிகளால் மறுபடி வரையும். ஆப்பிள் கணினிகளில் பல ஒலிக் கருவிகளை ஒன்றாகச் சேர்க்கும்போது 'டிரிஃப்ட் கரெக்‌ஷன்' என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதில் டிக் அடித்தால் நடப்பது இந்த மாயம்தான்.

இதில் உண்மையான சாமர்த்தியம் வரைவதில் இல்லை, பொறுமையில் இருக்கிறது. மைக்கிலிருந்து எண்கள் மூட்டை மூட்டையாக வரும். கணினிக்கு ஆயிரம் வேலை. அதனால் ஒரு மூட்டையைக் கொஞ்சம் சீக்கிரம் பார்க்கும், அடுத்ததைக் கொஞ்சம் தாமதமாகப் பார்க்கும். 'ஐயோ, மைக் ஃபாஸ்ட்! ஐயோ, மைக் ஸ்லோ!' என்று ஒவ்வொரு தடவையும் பதறித் திருத்தினால் பாட்டின் சுருதியே நடுங்கும். ஆகவே நல்ல மென்பொருள் பதறாது. நிறைய மூட்டைகளைப் பார்த்து, சராசரி எடுத்து, வேகத்தைத் துளித் துளியாக மாற்றும்.

காதில் வைக்கும் வயர் இல்லாத இயர்பட்ஸ் பார்த்திருப்பீர்கள். இடது காதில் ஒரு படிகம், வலது காதில் ஒரு படிகம்! ஒரு காதுக்கு ஒலி சற்றே முன்னதாக வந்தால், அது அந்தப் பக்கத்திலிருந்து வருவதாக மூளை நினைத்துக்கொள்ளும். அதற்கு 0.0006 விநாடி வித்தியாசமே போதும். இரண்டு படிகங்களையும் அவற்றின் இஷ்டத்துக்கு விட்டால், பன்னிரண்டே விநாடியில் பாட்டு முழுக்க ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடலாம். புளூடூத்தில் ஒருவர் தலைவர். மற்றவர் அவருடைய ரேடியோ துடிப்பைப் பார்த்தே நடப்பார். அதனால் பிழைத்தோம்.

தாளத்துக்கும் ஒரு கடிகாரம்

இசைக் கலைஞர்களுக்கு இன்னொரு வகைக் கடிகாரமும் வேண்டும். டிரம் அடிக்கும் இயந்திரமும் கீபோர்டும் ஒரே தாளத்தில் போக வேண்டுமே! ஒரு காலத்தில் ஒரு கம்பெனியின் கருவி பேசுவது இன்னொரு கம்பெனிக் கருவிக்குப் புரியாது. அமெரிக்கர் டேவ் ஸ்மித்தும் ஜப்பானியர் இகுதாரோ ககெஹாஷியும் முன்னின்று 'மிடி' என்ற பொது மொழியை உருவாக்கினார்கள். இருவரும் போட்டிக் கம்பெனிக்காரர்கள் என்பதை மறந்துவிடாதீர்கள்! 1983 ஜனவரியில், இரண்டு கம்பெனிகளின் கீபோர்டுகளை ஒரு கம்பியால் இணைத்துக் காட்டினார்கள். இந்த மொழியில், கால் ஸ்வரம் என்று சொல்லப்படும் ஒரு தாளத் தட்டுக்கு 24 துடிப்புகள் உண்டு. நிமிடத்துக்கு 120 தட்டு என்றால் விநாடிக்கு 48 துடிப்புகள். 2013-ல் இருவருக்கும் கிராமி விருது கிடைத்தது.

2016-ல் வந்த 'லிங்க்' என்ற முறையில் தலைவரே கிடையாது. ஒரே வைஃபையில் இருக்கும் கணினிகளும் போன்களும் தாளத்தைப் பகிர்ந்துகொள்ளும். யார் வேண்டுமானாலும் வேகத்தை மாற்றலாம். மற்றவை கூடவே வரும். யாராவது பாதியில் எழுந்து போனாலும் தாளம் நிற்காது.

நீங்களே செய்து பாருங்கள்!

வீட்டில் ஒரு செல்போனும் ஒரு லேப்டாப்பும் இருக்கின்றனவா? பெரியவர்களிடம் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் ஒலிப்பதிவைத் தொடங்குங்கள். நடுவில் நின்று பலமாக ஒரு தடவை கை தட்டுங்கள். பிறகு ஒரு மணி நேரம் விளையாடப் போகலாம். பதிவை மட்டும் நிறுத்தக் கூடாது. திரும்பி வந்து, அதே இடத்தில் நின்று மறுபடி ஒரு தடவை கை தட்டிவிட்டு நிறுத்துங்கள்.

'ஆடாசிட்டி' என்ற இலவச மென்பொருளில் இரண்டு பதிவுகளையும் திறக்கச் சொல்லி அண்ணனையோ அக்காவையோ கேளுங்கள். கை தட்டிய இடம் ஊசி மாதிரி உயர்ந்து தெரியும். பெரிதாக்கிப் பார்த்து, முதல் தட்டலுக்கும் இரண்டாவது தட்டலுக்கும் நடுவே எத்தனை விநாடி என்று ஒவ்வொரு பதிவிலும் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றில் 3,600.00 விநாடி, மற்றதில் 3,600.07 விநாடி என்று வரலாம். வித்தியாசத்தைப் பத்து லட்சத்தால் பெருக்கி, மொத்த விநாடியால் வகுங்கள். 0.07 என்றால் விடை ஏறக்குறைய 19. உங்கள் வீட்டுப் படிகங்கள் இரண்டும் பத்து லட்சத்துக்கு எத்தனை துடிப்பு சண்டை போடுகின்றன என்பது இதுதான்.

நாடகப் படத்தை மீட்பதும் இதே எண்ணால்தான். நீளமான பதிவை அதே விகிதத்தில் துளி வேகப்படுத்தினால் போதும், கடைசிக் காட்சியிலும் ராஜாவின் குரல் அவர் உதட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். குளிர்ந்த காலையில் ஒரு தடவை, வெயில் கொளுத்தும் மதியத்தில் ஒரு தடவை அளந்து பாருங்கள். விடை மாறுகிறதா?